தண்ணீர்த் தடைக்கு விற்கப்படும் குழாய்க் கிணறு பேக்கேஜ்: துளை நன்று, திட்டம் எங்கே?

கோலாலம்பூரிலும் அதைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள், சலவைக் கடைகள் என்று பலருக்கும் குழாய்க் கிணறு நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே பேக்கேஜைத்தான் விற்கின்றன. நிலத்தடி ஆய்வு, துளை, துளை இடியாமல் காக்கும் உறைக்குழாய், நீர்மூழ்கிப் பம்பு, ஒரு வடிகட்டி, ஒரு நீர்ப் பரிசோதனை அறிக்கை. விலைப்பட்டியலின் தலைப்பில் "தண்ணீர்த் தடைக்கு நிரந்தரத் தீர்வு" என்று இருக்கும். இந்த மதிப்பீடு ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தைப் பற்றியதல்ல. சந்தையில் கிடைக்கும் அந்தப் பொதுவான பேக்கேஜை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்கிறது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். துளையிடும் வேலை இங்கே பொதுவாகத் தரமானது. பம்பும் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் குழாய் நீருக்கு ஆதாரமான ஆறு கைவிட்ட நாளில் அந்தக் கிணற்றிலிருந்து தினமும் எத்தனை லிட்டர் எடுக்கலாம், எத்தனை நாளைக்கு எடுக்கலாம், நிறுத்தினால் மட்டம் எவ்வளவு நேரத்தில் மேலே ஏறும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் பேக்கேஜில் பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாத கிணற்றுக்கு முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

எதற்காக வாங்குகிறோம்

கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய் நீரில் சுமார் 60 விழுக்காடு சுங்கை சிலாங்கூர் என்ற ஒரே ஆற்றை நம்பியிருக்கிறது. அந்த ஆறு இரண்டு விதமாகக் கைவிடும். 2020 செப்டம்பர் 3ஆம் தேதி ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த மாசினால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 1,292 பகுதிகளில், சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அடுத்த மாதமே துர்நாற்ற மாசினால் மறுபடியும் தடை வந்தது. இந்த வகைத் தடை சில நாளில் முடிந்துவிடும், அப்போது மழைக்கும் குறைவிருக்காது.

இன்னொரு வகை வறட்சி. 1998இல் எல் நினோ வந்தபோது அணைகள் வற்றி, மாதக்கணக்கில் பங்கீடு நடந்தது. 2014 மார்ச், ஏப்ரலில் இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் தடை என்று சுழற்சி முறை வந்தது. அப்போது ஆற்றோடு சேர்ந்து நிலத்தடி மட்டமும் இறங்குகிறது. ஐந்து நாள் தடைக்குப் போதுமான கிணறு இரண்டு மாத வறட்சிக்குப் போதாமல் போகலாம். விற்பனையாளர் இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவார். நீங்கள் பிரித்துக் கேட்க வேண்டும்.

நிலத்தடியில் நீர் இருப்பது ஒன்று, வேண்டிய நாளில் அதை மேலே கொண்டுவருவது இன்னொன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் கொலராடோ ஆற்று நீரை நிலத்தடியில் சேமித்து வைக்கவே 1996இல் ஓர் ஆணையம் அமைத்தது. ஆண்டுக்கணக்கில் நீரை உள்ளே விட்ட பிறகும், பற்றாக்குறை வரும்போது எந்தக் கிணறுகள் வழியாக யார் எடுப்பது, எந்தக் கால்வாயில் கொண்டுபோவது என்று தனியாக ஒரு மீட்புத் திட்டம் எழுத வேண்டியிருந்தது. அந்த ஆற்றுக்கு முதல் பற்றாக்குறை அறிவிப்பு 2021இல்தான் வந்தது. திட்டம் அதற்கு முன்பே தாளில் இருந்தது. ஒரு கோயில் வளாகத்துக் கிணற்றுக்கும் அந்த வரிசை பொருந்தும்: தடை அறிவிப்பு வருவதற்கு முன்பே கணக்கு முடிந்திருக்க வேண்டும்.

நிலத்தடி ஆய்வு: விலைக்குத் தகுந்த பயன் பாதிதான்

பேக்கேஜில் முதலில் வருவது மின்தடை ஆய்வு. தரையில் வரிசையாக ஆணிகள் அடித்து, மின்சாரம் செலுத்தி, அடியில் எந்த அடுக்கு எவ்வளவு தடை காட்டுகிறது என்று வரைவார்கள். முறை நல்ல முறைதான். நகரத்துக்குள் சிக்கல் இடத்தில் வருகிறது. இந்த ஆய்வு காணக்கூடிய ஆழம், விரிக்கும் கம்பியின் நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 400 மீட்டர் விரித்தால் 70, 80 மீட்டர் ஆழம் தெரியும். செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கோயில் மனையில் 100 மீட்டர் விரிக்கவே இடம் இருக்காது. விரித்தாலும் 20 மீட்டருக்குக் கீழே படம் ஒன்றும் சொல்லாது. ஆனால் அறிக்கையில் 100 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் என்று நீல நிறம் தீட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பியின் நீளம் எவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்டாலே அந்த நீலத்தின் மதிப்பு தெரிந்துவிடும். புதைந்த இரும்புக் குழாயும் மின்கம்பியும் அருகில் இருந்தால் அளவு இன்னும் கெடும்.

கோலாலம்பூரின் அடிப்பாறை ஒரே மாதிரி இல்லை. பத்துமலை, கோம்பாக் பக்கமும் நகர மையத்தின் பெரும்பகுதியிலும் சுண்ணாம்புப் பாறை. மேற்கே மணற்கல்லும் களிப்பாறையும் கலந்த அடுக்கு. கிழக்கே அம்பாங், உலு கிள்ளான் குன்றுகளில் கருங்கல். கடலோரமாகக் கிள்ளான், கோலலங்காட் பக்கம் களிமண், மணல், கரிச்சேறு. சுண்ணாம்புப் பாறையில் குகைகளும் பள்ளங்களும் உண்டு. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் இடத்தையே இந்தப் பாறையின் காரணமாக 60 மீட்டர் நகர்த்தினார்கள். மின்தடைப் படத்தில் தண்ணீர் நிறைந்த குகையும் களிமண் நிறைந்த குகையும் ஒரே மாதிரி தெரியும் என்பதை ஆய்வாளர் உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாதவரிடம் ஆய்வை மட்டும் வாங்காமல் விட்டுவிடலாம்.

துளையும் உறைக்குழாயும்

பாறையில் காற்றழுத்தச் சுத்தியல் முறையில், மேல்மண்ணில் 8 அல்லது 10 அங்குலம், பாறைக்குள் 6 அங்குலம் என்று துளைப்பதே வழக்கம். இயந்திரமும் ஆட்களும் நன்றாகவே இருக்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவார்கள். கவனிக்க வேண்டியது துளைக்கும்போது எழுதப்படும் குறிப்பேடு. 3 மீட்டருக்கு ஒரு முறை வெளியே வரும் பாறைத் தூளை ஒரு பையில் போட்டு, ஆழத்தை எழுதி வரிசையாக வைக்க வேண்டும். எந்த ஆழத்தில் தண்ணீர் தட்டியது, எவ்வளவு கூடியது என்று எழுத வேண்டும். பின்னாளில் பம்பு எங்கே தொங்க வேண்டும் என்று முடிவு செய்ய இதைவிட நல்ல சான்று கிடையாது.

மண் பகுதிக்கு உறைக்குழாய், நீர் வரும் இடத்தில் துளைவரியுள்ள வடிகுழாய், அதைச் சுற்றி 2 முதல் 4 மில்லிமீட்டர் கூழாங்கல். இது சரியாகவே செய்யப்படுகிறது. குறை மேல்பகுதியில் வருகிறது. உறைக்குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வளைய இடைவெளியை மேலிருந்து குறைந்தது 6 மீட்டர் ஆழம் வரை சிமெண்டுக் கலவையோ, நீரில் ஊறி உப்பும் பென்டனைட் களிமண்ணோ ஊற்றி அடைக்க வேண்டும். பல இடங்களில் துளைத்த மண்ணையே திரும்பத் தள்ளி, மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சிமெண்டு மேடை கட்டிவிடுகிறார்கள். வெளிப்பார்வைக்கு மேடை அழகாக இருக்கும். ஒரு நல்ல மழைக்குப் பிறகு கிணற்று நீர் கலங்கினால் அடைப்பு இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். சாக்கடை நீரும் அதே வழியில்தான் இறங்கும். கழிவுத் தொட்டியிலிருந்து கிணறு குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதோடு, சிமெண்டு ஊற்றும் நேரத்தில் உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஒரு சின்னப் பொருளைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பம்புக் குழாயோடு சேர்த்து, மேலிருந்து பம்பு வரை 1 அங்குல விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய். நீர்மட்டம் அளக்கும் நாடா அதற்குள் இறங்கும். அது இல்லையென்றால் நாடா பம்பின் மின்கம்பியில் சிக்கிக்கொள்ளும், பிறகு யாரும் மட்டத்தை அளக்கவே மாட்டார்கள். இதன் விலை மொத்தச் செலவில் ஒரு தூசு. பேக்கேஜ்களில் அபூர்வமாகத்தான் இருக்கிறது.

பம்புச் சோதனை: இங்கேதான் பேக்கேஜ் விழுகிறது

"மணிக்கு 20,000 லிட்டர் கிடைக்கும்" என்று சொல்வார்கள். எதை வைத்து? துளைத்து முடித்ததும் காற்றுக் கம்பிரசரால் ஊதி வெளியே தள்ளிய தண்ணீரை வைத்து. அது பாறைப் பிளவுகளில் ஏற்கெனவே நிறைந்திருந்த நீர். ஒரு மணி நேரத்துக்கு வரும், நாள் முழுக்க வராது. உண்மையான சோதனைக்கு மூன்று பாகம் உண்டு. மூன்றையும் விலைப்பட்டியலில் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

முதல் பாகம் படிச் சோதனை. மணிக்கு 2, 3, 4, 5 கன மீட்டர் என்று படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரம் ஓட்டி, மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. ஒரு கிணற்றில் இறக்கம் 6, 10, 15, 27 மீட்டர் என்று வந்தால் கடைசிப் படியில் ஏதோ கைமீறிவிட்டது என்று பொருள். நீர் தரும் ஒரு பிளவு காற்றுக்கு வெளிப்பட்டிருக்கலாம். அந்தக் கிணற்றுக்கு 4 கன மீட்டரே எல்லை. 5 கன மீட்டருக்குப் பம்பு வாங்குவது கிணற்றைக் கெடுக்கும். பாய்ச்சலை அளக்க மீட்டர் இல்லையென்றால் 200 லிட்டர் பீப்பாய் போதும். அது 3 நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 4,000 லிட்டர்.

இரண்டாவது, அந்த 4 கன மீட்டரில் நிறுத்தாமல் 24 மணி நேரம் ஓட்டுவது. முதல் 10 நிமிடம் நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் வரை 5 நிமிடத்துக்கு ஒரு முறை, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் மட்டத்தை எழுத வேண்டும். வெளியேறும் நீரை வடிகால் வரை குழாய் போட்டுக் கொண்டுபோங்கள். கிணற்றடியிலேயே விட்டால் அது திரும்ப உள்ளே இறங்கிச் சோதனையைப் பொய்யாக்கும்.

மூன்றாவது, பம்பை நிறுத்தியபின் மட்டம் ஏறுவதை அதே ஒழுங்கில் எழுதுவது. நிறுத்தியதும் ஆட்கள் கருவிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். விடாதீர்கள். மட்டம் ஏறும் வேகம்தான் கிணற்றின் உண்மையான வருமானம். பம்பின் மேல் ஒருவழி வால்வு இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இல்லையென்றால் குழாயில் நிற்கும் நீர் திரும்பக் கிணற்றுக்குள் விழுந்து முதல் சில நிமிட அளவுகள் பொய்யாகும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. பம்பு ஓடாதபோது நீர் நிற்கும் ஓய்வு மட்டம் தரையிலிருந்து 12 மீட்டர் கீழே. 24 மணி நேர ஓட்டத்தின் முடிவில் 32 மீட்டர், அதாவது இறக்கம் 20 மீட்டர். நிறுத்திய 50 நிமிடத்தில் மிச்ச இறக்கம், அதாவது ஓய்வு மட்டத்தை எட்ட இன்னும் ஏற வேண்டியது, 7.4 மீட்டர், 12 மணி நேரத்தில் 2.4 மீட்டர். இப்போது ஒவ்வொரு அளவுக்கும் ஒரு விகிதம் போடுங்கள்: பம்பு ஓட ஆரம்பித்ததிலிருந்து ஆன மொத்த நேரத்தை, நிறுத்தியதிலிருந்து ஆன நேரத்தால் வகுப்பது. 50 நிமிடத்தில் அந்த விகிதம் சுமார் 30, 12 மணி நேரத்தில் 36ஐ 12ஆல் வகுத்தால் 3. விகிதம் பத்து மடங்கு குறைய, மிச்ச இறக்கம் 5 மீட்டர் குறைகிறது. ஒரு நாள் பாய்ச்சல் 96 கன மீட்டரை 0.183 என்ற மாறா எண்ணால் பெருக்கி 5ஆல் வகுத்தால் 3.5 வரும். ஒரு மீட்டர் அகல நிலம் ஒரு நாளில் நீர் கடத்தும் திறனைச் சதுர மீட்டர் கணக்கில் சொல்லும் எண் அது. இது பெரிய எண் இல்லை. ஆனால் ஒரு குடியிருப்பின் அவசரத் தேவைக்குப் போதும்.

விகிதத்தை மடக்கை (log) அளவிலும் மிச்ச இறக்கத்தைச் சாதாரண அளவிலும் வரைதாளில் குறித்தால் ஒரு நேர்க்கோடு கிடைக்கும். அதுதான் மீள்மட்டக் கோடு. கோட்டை விகிதம் 1 வரை நீட்டும்போது மிச்ச இறக்கம் பூச்சியத்துக்கு அருகில் வந்தால் கிணறு முழுமையாக மீளக்கூடியது. அங்கேயும் 2, 3 மீட்டர் மிச்சம் நின்றால் பாறைப் பிளவின் சேமிப்பு சிறியது, எடுத்தது திரும்ப வரவில்லை என்று பொருள். அந்தக் கிணறு ஐந்து நாள் மாசுத் தடைக்கு உதவும், 2014 போன்ற வறட்சிக்கு உதவாது. ஒரு தாள், ஒரு கோடு. இதைக் கேட்டால் தயங்கும் நிறுவனத்தை விட்டு வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.

தேவையிலிருந்து பம்பு வரை

200 வீடுகள், வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 60 லிட்டர் என்று வைத்தால் நாளைக்கு 48 கன மீட்டர். கழிவறை, குளியல், துணி துவைக்க இது போதும். மேலே சொன்ன கிணறு 12 மணி நேரம் ஓடினால் அதே 48 கன மீட்டர் வரும், மீதி 12 மணி நேரம் மட்டம் ஏற ஓய்வு. இந்த ஓட்டத்தை இரண்டு மாதம் தொடர்ந்தால் மட்டம் முதல் நாளைவிட இன்னும் சுமார் 4.5 மீட்டர் இறங்கும் என்று அந்தக் கோட்டிலிருந்தே கணக்கிடலாம். வறட்சியில் ஓய்வு மட்டமே தாழும். அதற்கு 5 மீட்டர் சேருங்கள். 12 மணி நேர ஓட்டத்தில் மட்டம் 32 மீட்டர் வரை இறங்காது, சுமார் 30.5 மீட்டரில் நிற்கும். எல்லாம் சேர்த்தால் ஓட்டத்தின்போது நீர்மட்டம் 40 மீட்டர், அதற்குக் கீழே 5 மீட்டர் விட்டு, பம்பு 45 மீட்டரில்.

மேல்தளத் தொட்டி 32 மீட்டர் உயரம், குழாய் உராய்வுக்கு 8 மீட்டர் சேர்த்தால் மொத்தம் 80 மீட்டர். மணிக்கு 4 கன மீட்டரை அவ்வளவு உயரம் தூக்க 2.2 கிலோவாட், அதாவது 3 குதிரைத்திறன் நீர்மூழ்கி போதும். பேக்கேஜில் 5 குதிரைத்திறன் போட்டிருந்தால் அது கிணற்றின் அளவைப் பார்க்காமல் போட்டது. பெரிய பம்பு மட்டத்தை வேகமாக இறக்கி, காற்றை இழுத்து, மண்ணை இழுத்து, மோட்டாரை எரிக்கும். நீர் வற்றினால் தானாக நிற்க மட்ட மின்முனை கட்டாயம். ஜெனரேட்டர் வைப்பவர்கள், மோட்டாரை நேரடியாக முடுக்குவதானால், மோட்டாரைப் போல் மூன்று மடங்கு திறனுள்ளதை எடுக்க வேண்டும்.

சுண்ணாம்புப் பகுதியில் இன்னொரு எல்லை உண்டு. பம்பு ஓடும்போது நீர்மட்டம் பாறையின் மேற்பரப்புக்குக் கீழே இறங்கினால், மேலே இருக்கும் மண் பாறைக் குழிகளுக்குள் நழுவும். தரை உள்வாங்கலாம். குறிப்பேட்டில் பாறை எந்த ஆழத்தில் ஆரம்பித்தது என்று பார்த்து, மட்டத்தை அதற்கு மேலேயே நிறுத்துங்கள். பக்கத்தில் பழைய கட்டடம் இருந்தால் இந்த விஷயத்தில் சலுகையே வேண்டாம். கடலோரத்தில் ஆபத்து வேறு மாதிரி. மிதமிஞ்சி எடுத்தால் உப்பு நீர் உள்ளே வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்க் கிணறுகளுக்கு நடந்தது அதுதான். கிள்ளான் பக்கம் வாங்குபவர்கள் குளோரைடு அளவை ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து ஒப்பிட வேண்டும்.

வடிகட்டி: காட்சிக்கு நல்லது, அளவுக்கு ஆகாது

இங்குள்ள நிலத்தடி நீரில் அடிக்கடி வரும் தொல்லை இரும்பும் மாங்கனீசும். பம்பிலிருந்து வரும்போது நீர் பளிங்கு மாதிரி இருக்கும். வாளியில் வைத்தால் சற்று நேரத்தில் மஞ்சளாகி, பிறகு துருப்பொடி அடியில் படியும். வெள்ளைத் துணியில் கறை, கழிவறைக் கிண்ணத்தில் பழுப்புக் கோடு. குடிநீர்த் தரத்தில் இரும்புக்கு எல்லை லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், மாங்கனீசுக்கு 0.1. கருங்கல் பகுதியில் நீர் அமிலத்தன்மையோடு வரும், செம்புக் குழாயை அரிக்கும். சுண்ணாம்பில் கடினத்தன்மை கூடும்.

பேக்கேஜில் பெரும்பாலும் 13 அங்குல விட்டமுள்ள ஒரு கண்ணாடி நார் உருளை வரும். பளபளவென்று இருக்கும். கணக்குப் போடுங்கள்: அதன் குறுக்குப் பரப்பு 0.086 சதுர மீட்டர். மணிக்கு 4 கன மீட்டர் அதில் போனால் வேகம் மணிக்கு 47 மீட்டர். இரும்பு பிடிக்கும் மணல் நன்றாக வேலை செய்ய 10 மீட்டர் அளவில் போக வேண்டும். அதற்கு 0.4 சதுர மீட்டர், அதாவது சுமார் 28 அங்குல விட்டமுள்ள உருளை வேண்டும். சின்ன உருளை முதல் வாரம் தெளிவான நீர் தரும், பிறகு துரு அப்படியே கடந்துபோகும். மணல் கெட்டுவிட்டது என்று மாற்றச் சொல்வார்கள். கெட்டது மணல் இல்லை, அளவு.

வடிகட்டிக்கு முன்பு காற்றோட்டமோ குளோரினோ கொடுத்து, ஒரு தொட்டியில் அரை மணி நேரம் நிறுத்தினால்தான் கரைந்த இரும்பு பொடியாக மாறும். ஒரு மில்லிகிராம் இரும்புக்கு 0.64 மில்லிகிராம் குளோரின், மாங்கனீசுக்கு 1.3. இரும்பு 3, மாங்கனீசு 0.4 என்றால், மிச்சக் குளோரின் 0.5ஐயும் சேர்த்து லிட்டருக்கு சுமார் 3 மில்லிகிராம். 48 கன மீட்டருக்கு 144 கிராம், 10 விழுக்காட்டுத் திரவக் குளோரினில் ஒன்றரை லிட்டர். ஐந்து நாள் தடைக்கு எட்டு லிட்டர் கையிருப்பு போதும். திரவக் குளோரின் வெயிலில் வலு இழக்கும், பழைய பாட்டிலை நம்பாதீர்கள்.

நீர்ப் பரிசோதனை பேக்கேஜில் ஒன்று இருக்கும். மாதிரியைத் துளைத்த அன்றே எடுத்திருப்பார்கள். அதில் துளைக்கும் நீரும் கலங்கலும்தான் இருக்கும். 24 மணி நேர ஓட்டத்தின் கடைசி மணி நேரத்தில், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் பாட்டிலில் எடுக்க வேண்டும். இரும்பு, மாங்கனீசு, அமிலத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், அம்மோனியா, ஆர்செனிக், ஈயம், கழிவுக் கலப்பைக் காட்டும் ஈ. கோலை பாக்டீரியா. பக்கத்தில் வாகனப் பட்டறையோ எண்ணெய் நிலையமோ இருந்தால் பென்சீனும். அறிக்கை எவ்வளவு நன்றாக வந்தாலும் குடிக்கவும் சமைக்கவும் லோரித் தண்ணீரையோ புட்டித் தண்ணீரையோ வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. அன்னதானச் சமையலில் அரிசி களைவதும் குடிநீர்க் கணக்கில்தான் சேரும்.

கிணற்று நீர்க் குழாயும், குழாய் நீர் வழங்கும் ஆயர் சிலாங்கூர் நிறுவனத்தின் குழாயும் எந்த இடத்திலும் இணையக் கூடாது. ஒரு வால்வு போட்டுப் பிரித்திருக்கிறோம் என்பார்கள். வால்வு கசியும். தனித் தொட்டி, தனிக் குழாய், வேறு நிறம். வழி இல்லையென்றால் தரைத்தளத்தில் பொதுக் குழாய் வரிசை வைத்து மக்கள் வாளியில் பிடித்துப் போகட்டும்.

அனுமதி

சிலாங்கூரில் நிலத்தடி நீர் எடுக்க லுவாஸ் எனப்படும் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியத்தின் உரிமம் வேண்டும். கோலாலம்பூர் எல்லைக்குள் என்றால் கனிமவள, புவி அறிவியல் துறையிடம் முதலில் கேளுங்கள். அருகிலுள்ள பழைய கிணறுகளின் குறிப்புகளையும் அங்கேயே விசாரிக்கலாம். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாக்கை ஏற்காமல், உரிமம் உங்கள் நிர்வாகக் குழுவின் பெயரில் வந்த பிறகே இயந்திரத்தை உள்ளே விடுங்கள். வெளியேறும் குழாயில் ஒரு நீர்மானி பொருத்துங்கள். கேட்டால் காட்டவும், கிணறு சோர்வதைக் கண்டுபிடிக்கவும் அது உதவும்.

தடை இல்லாத மாதங்களில்

சும்மா நிற்கும் கிணறு சும்மா இருப்பதில்லை. இரும்பு பாக்டீரியா வடிகுழாயில் வழுவழுப்பாகப் படரும், பம்பு இறுகும், கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்தேக்கி பழுதாகும். மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் ஓட்டி, ஓடுவதற்கு முன்னும் பின்னும் மட்டத்தையும் பாய்ச்சலையும் எழுதுங்கள். அதே 4 கன மீட்டருக்கு ஒரு மணி நேர இறக்கம் 15லிருந்து 18, 19 மீட்டர் என்று கூடிக்கொண்டே போனால் வடிகுழாய் அடைகிறது. ஓய்வு மட்டமே தாழ்ந்தால் அக்கம்பக்கத்தில் வேறு யாரோ எடுக்கிறார்கள், அல்லது மழை குறைந்திருக்கிறது. அடைப்புக்கு அதிர்ச்சிக் குளோரின், அதாவது ஒரே தடவையில் கூடுதல் அளவு குளோரின்: 6 அங்குலக் கிணற்றில் 60 மீட்டர் நீர் நின்றால் சுமார் 1.1 கன மீட்டர், அதற்கு 65 விழுக்காட்டுக் குளோரின் தூள் 160 கிராம் போதும். கரைத்து ஊற்றி, 12 மணி நேரம் விட்டு, வாசம் போகும்வரை வெளியே ஓட்டுங்கள். தொட்டிக்குள் விடாதீர்கள்.

கோயில்களுக்கு ஒரு குறிப்பு. தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வருகிறது. 2014 வறட்சியும் அந்த மாதங்களில்தான் தொடங்கியது. கூட்டம் கூடும் நாளில் கிணறு ஏற்கெனவே களைத்திருக்கக் கூடாது. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே தொட்டிகளை நிரப்பி, கிணற்றுக்கு இரண்டு நாள் முழு ஓய்வு கொடுங்கள்.

இவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிப் பம்பு அறையில் ஒட்ட வேண்டும்: தடை அறிவிப்பு வந்ததும் எந்த வால்வைத் திறப்பது, சாவி யாரிடம், எத்தனை மணிக்கு ஓட்டம், எத்தனை மணிக்கு ஓய்வு, மட்டம் எத்தனை மீட்டரைத் தொட்டால் நிறுத்துவது. அந்தப் பக்கத்தை நிறுவனமே எழுதித் தரட்டும். பேக்கேஜின் ஒரு பொருளாக அதைக் கேளுங்கள்.

யார் வாங்கலாம்

கருங்கல் அல்லது மணற்கல் பகுதியில், தனித் தொட்டிக்கு இடமும் மாதாமாதம் கவனிக்க ஓர் ஆளும் உள்ள குடியிருப்பு, பள்ளி, கோயில் வாங்கலாம். சுண்ணாம்பின் மேல் நெருக்கமாகக் கட்டடங்கள் உள்ள மனைக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அந்தப் பணத்தில் கூடுதல் தொட்டியும் மழைநீர்ச் சேமிப்பும் நல்ல பயன் தரும். ஐந்தாறு வீடுகளுக்கு மட்டும் என்றாலும் தொட்டிதான் மலிவு.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: துளையும் உறைக்குழாயும் முடிந்ததும் ஒரு பங்கு, பம்பும் வடிகட்டியும் பொருத்தியதும் ஒரு பங்கு, மீள்மட்டக் கோடும் நீர் அறிக்கையும் அந்த ஒரு பக்கத் திட்டமும் கைக்கு வந்தபின் கடைசிப் பங்கு. மீட்டர் கணக்கில் விலை பேசும்போது தண்ணீர் கிடைக்காத துளைக்கு என்ன கட்டணம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தோல்வியடைந்த துளையை அடியிலிருந்து மேல் வரை சிமெண்டுக் கலவை ஊற்றி மூடும் வேலையும் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மூடியை மட்டும் திருகிவிட்டுப் போனால் சாக்கடை நீர் நேராக நிலத்தடிக்கு இறங்கும் வழி அதுவாகிவிடும்.